கரையில் விலை கேட்டால்

கரையில் வந்து விலை கேட்டவரிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் வலையில் மீன் ஏறாது. தமிழரசியின் குப்பத்தில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். மாமல்லபுரத்து ரிசார்ட் மேனேஜர் படகருகே வந்து நின்று, "நேரா குடுத்தா வஞ்சிரம் கிலோ என்ன விலைம்மா?" என்று கேட்டதும் அவளும் சொல்லிவிட்டாள். வாய் சும்மா கிடந்தால்தானே! அவன் கேட்டான் என்று அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவைத்தாள்.

அந்த ரிசார்ட்டுக்கு மீன் கொடுக்கும் ஒப்பந்தம் கருங்குழி மோகனுடையது. அவனுக்காகக் கரையில் மீன் எடுத்து, கழுவி, வெட்டி அனுப்புவதுதான் ஆறு வருடமாகத் தமிழரசியின் பிழைப்பு. மேனேஜர் அவளுடைய மெசேஜை மோகனுக்கே தள்ளிவிட்டு, "உங்க ஆளே இந்த விலைக்குத் தர்றாங்களே, நீங்க எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். மூன்றாம் நாள் மோகனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது.

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில், தமிழரசி தேடிப் போன வக்கீல் ஹெலன், அவள் மோகனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த ஒப்பந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்தாள்.

"இது முடிஞ்ச பிறகு நீ யாருக்கு வேணா விக்கலாம்மா. ஆனா மார்ச் வரைக்கும் ஓடுது. அதுக்குள்ள அவரோட கஸ்டமர்கிட்ட நேரா விலை பேசியிருக்கக் கூடாது. நஷ்டஈடு கேட்கலாம்."

"வேலையும் பூடுமா மேடம்?"

"அது அவர் கையிலதான் இருக்கு."

வேலையைக்கூட விடுங்கள். மகள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் வீட்டிலிருந்து சோறு கட்டி எடுத்து வந்தவன் மோகன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தான் அதை மறந்துவிட்டதாக அல்லவா அவன் நினைத்திருப்பான்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை மோகனே கரைக்கு வந்தான். முகம் உர்ரென்று இருந்தது. தமிழரசி அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

"தப்புதான் அண்ணாத்த. உன் யாவாரத்தப் புடுங்கணும்னு சத்தியமா இல்ல. கரையில வந்து கேட்டாங்க, சொல்லிட்டேன்."

"ஆறு வருசமா எனக்கு மட்டும் உன் விலைய ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

விலையை எப்போதும் மோகன்தான் சொல்வான், அவள் தலையாட்டுவாள். ரிசார்ட்டுக்கு அவள் சொன்னதும் அவன் தருவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

மோகன் ஐஸ் பெட்டி அருகே வந்து, முன்பின் தெரியாத ஆள்போல ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"கிலோ இன்னா விலை?"

தமிழரசியால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். ரிசார்ட்டுக்குச் சொன்ன அதே விலைதான்.

மோகன் பேரம் பேசவில்லை.

"எடை போடு தமிழு," என்றான். "நோட்டீஸ் அனுப்புன வக்கீலுக்கு நான் சொல்லிக்கிறேன்."