போனை லாஸ்மியிடம் கொடுத்த பிறகு

சுகெங் தன் போனை மனைவி லாஸ்மியிடம் கொடுத்து மூன்று நாளாகிறது. ரயில்வே கேட் இல்லாத அந்தக் குறுக்குப்பாதையில், ரயில் வரும்போது மூங்கிலைத் தாழ்த்தி வண்டிகளை நிறுத்துகிறவன் அவன். போன வாரம் குட்டி வீடியோக்களில் மூழ்கிக் கிடந்தான். மூங்கில் தூக்கியபடியே நின்றது. குழந்தையோடு வந்த மோட்டார் சைக்கிள் ஒரு முழத்தில் தப்பியது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன் இல்லாமலும் வேலை நடக்காது. தெகல் ஊரிலிருந்து வரும் ரயில் தன்னைத் தாண்டியதும், முந்தின குறுக்குப்பாதையில் நிற்கும் வார்னோ "போயிடுச்சு" என்று போன் குழுவில் எழுதுவான். அதிலிருந்து நான்கு நிமிடத்தில் ரயில் இங்கே வந்துவிடும். அதைப் பாதையோரம் காபிக் கடை போட்டிருக்கும் லாஸ்மி பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கடையில் போன் 'டிங்' என்றது. சுகெங்கின் கை தானாகச் சட்டைப் பையைத் துழாவியது.

"என்ன வந்திருக்கு?"

"உங்க மச்சானோட சேவல் வீடியோ. பைய விடுங்க, கிழிஞ்சிரப் போகுது."

கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டிங்'. லாஸ்மி ஒன்றும் சொல்லவில்லை.

"லாஸ்மி!"

சேவலாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால்? ஓடிப்போய்ப் பார்க்கலாமென்றால் பாதையை யார் பார்ப்பது? மூங்கிலைத் தாழ்த்திவிட்டான்.

"ரயில் எங்கய்யா? உன் கனவுலயா வருது?" என்று ஒருவன் ஹாரனை அலறவிட்டான். இன்னொருவன் மூங்கிலுக்கடியில் வண்டியை நுழைத்தான். சுகெங் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். "விடுய்யா, பைத்தியம்!"

வாழைத்தோப்புக்குப் பின்னாலிருந்து ரயில் ஊதியது.

அது தடதடத்துப் போன பிறகு சுகெங் கடைக்குப் போனான். எண்ணெயில் தெம்பே என்ற சோயாப் பலகாரம் கருகிக்கொண்டிருந்தது. லாஸ்மி குனிந்த தலை நிமிராமல் சிரித்தபடி திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரயில் போயிடுச்சு."

"எந்த ரயில்?" என்று நிமிர்ந்தவளுக்கு முகம் வெளுத்தது. "ஒண்ணே ஒண்ணுதாங்க பார்த்தேன்..."

"நானும் அன்னிக்கு அப்படித்தான் சொன்னேன்."

அவன் போனை வாங்கி வார்னோவைக் கூப்பிட்டான். "இனிமே எழுதாதே, கூப்பிடு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் வைக்காதே."

"நான் என்ன உன் புதுப் பொண்டாட்டியா?"

"ஆமாய்யா, அப்படித்தான் வச்சுக்கோ."

"அந்த வீடியோ ஆப் எழவ அழிச்சிருங்க," என்றாள் லாஸ்மி. அழிக்கப் போய் அதைத் தொட்டதும் திரையில் யாரோ ஒருவன் செங்கல் அடுக்க ஆரம்பித்தான். இரண்டு செங்கல் வரை சுகெங் பார்த்தான். லாஸ்மியும் எட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடாத குறையாக அழித்தான்.

அடுத்த ரயிலுக்குப் பதினொரு நிமிடம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடிக்குமா என்று இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.