சின்னப்பிள்ளை வாசித்தது

ஆத்மநாதன் வாத்தியாருக்கு முதல் சந்தேகம் சோலையப்பன் மேல்தான் வந்தது.

விராலிமலைக்குக் கிழக்கே இருந்த அந்தச் சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் இரண்டே பேர். மூன்று, நான்காம் வகுப்புகள் தலைமை வாத்தியாரான ஆத்மநாதனிடம். ஒன்றும் இரண்டும் உதவி வாத்தியார் சோலையப்பனிடம். நடுவில் சுவர் கிடையாது. ஒரே நீளக் கொட்டகை. ஒரு மூலையில் 'அ, ஆ' என்று கூவுவதும் மறு மூலையில் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் கலந்துதான் கேட்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சோலையப்பன் வந்து நின்றார்.

"சார், ஒண்ணாங் கிளாசுல ஒரு பொம்பளப்பிள்ளை நாலாங் கிளாஸ் புத்தகத்தை வாசிக்குதுங்க."

"யாரு?"

"பெரியண்ணன் மக சின்னப்பிள்ளை. உங்க கிளாஸ் ராசாத்தியோட தங்கச்சி."

"ஆறு வயசுப் பிள்ளையா? யாராவது சொல்லிக்குடுத்திருப்பாங்க" என்று ஆத்மநாதன் சிரித்தார். சோலையப்பன் தலை மறைந்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் வருவார். சோலையப்பன் டிரெயினிங் முடித்து வந்த இளைஞர். ஆத்மநாதனோ பழைய காலத்து ஆள், டிரெயினிங் எல்லாம் கிடையாது. அவருடைய நாலாம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார்கள். இந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நாலாம் வகுப்புப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தால் இன்ஸ்பெக்டர் யாரைத் தலைமை வாத்தியாராகப் போடச் சொல்வார்? பயல் திட்டம் போட்டு ஒரு பாடத்தை உருப்போட வைத்திருக்கிறான். விஷயம் அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவர் வேவு பார்க்க ஆரம்பித்தார். காலையில் சோலையப்பனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சாயந்திரம் புளியமரத்துக்குப் பின்னால் நின்று, அந்தப் பிள்ளையைத் தனியாக நிறுத்திக்கொள்கிறாரா என்று பார்த்தார். சோலையப்பன் மணி அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே ஆத்மநாதனுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. வெகு கெட்டிக்காரன், தடயமே வைக்கவில்லை!

அந்த வாரமே பிள்ளையின் தாய் பிச்சையம்மாள் வந்து வாசலில் நின்றாள். கடலைக் காட்டில் மயில் விரட்டிவிட்டு வந்தவள். காலெல்லாம் செம்மண்.

"வாத்தியாரய்யா, எம்மகளுக்கு என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்?"

"சந்தைக்குப் போனா கடைப் பலகையை வாசிக்குது. சாக்குல அச்சுப் போட்டிருக்கிறதை வாசிக்குது. பெரியவ நாலு வருசமா வாரா, அவளே முக்கி முனகித்தான் வாசிப்பா. இது நேத்துச் சேந்த பிள்ளை. ஊருல காத்துக்கருப்பு அண்டியிருக்குன்னு பேசுறாக. நெசமா அது படிப்புத்தானா, இல்லை வேற எதுவுமா? படிப்புன்னா கொஞ்சம் கம்மியாச் சொல்லிக்குடுங்க."

ஆத்மநாதன் அவளையும் உற்றுப் பார்த்தார். இவளும் சோலையப்பனுக்கு உடந்தையோ? ஆனால் அவள் கண்ணில் இருந்தது பயம். அது நடிப்பு இல்லை.

"நாளைக்கே பாத்துச் சொல்றேன், போ தாயி" என்றார்.

மறுநாள் மத்தியானம் சின்னப்பிள்ளையைத் தம் மேசைக்குக் கூப்பிட்டார். சோலையப்பனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். புத்தகத்தைக் கொடுத்தால் உருப்போட்டதை ஒப்பித்துவிடும். அதனால் ஒரு சிலேட்டை எடுத்து, யாரும் பார்க்காதபடி மடியில் வைத்து, மனதில் இருந்ததையே ஒரு வரி எழுதி நீட்டினார்.

பிள்ளை சிலேட்டை வாங்கி, அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டது.

ஆத்மநாதன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சோலையப்பன்! சிலேட்டை நேராப் பிடிக்கக்கூடத் தெரியலை. இது நாலாங் கிளாஸ் புத்தகம் வாசிக்குதா?"

பிள்ளை அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தது. பிறகு விரலை எழுத்துகளின் மேல் வலமிருந்து இடமாக நகர்த்திக்கொண்டே வாசித்தது.

"இந்தப் பிள்ளை வாசிப்பது பொய்."

பிள்ளை நிமிர்ந்து, "எந்தப் பிள்ளை சார்?" என்று கேட்டது.

ஆத்மநாதன் சிலேட்டை வெடுக்கென்று பிடுங்கி, மேல்துண்டால் துடைத்தார். எழுத்துப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாலாம் வகுப்பு வரிசையிலிருந்து ராசாத்தி எழுந்தாள். "அவ எப்பவும் அப்புடித்தான் சார் பிடிப்பா. போன வருசமெல்லாம் ஆத்தா காட்டுக்குப் போயிரும். நான் இவளைத் தூக்கிட்டு வருவேன். எனக்கு எதுத்தாப்புல உக்காந்து எம்புத்தகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா."

அவருக்கு ஞாபகம் வந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டு, அக்காவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு குட்டி. "அதை ஏன் இங்கிட்டுக் கூட்டிட்டு வாரே?" என்று ஒரு தடவை திட்டிவிட்டு மறந்துபோயிருந்தார். அவர் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அது மறுபக்கத்திலிருந்து, தலைகீழாகவே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நீங்க தனியா ஒண்ணும் சொல்லிக்குடுக்கலையா?" என்று சோலையப்பனிடம் கேட்டார்.

"நானா? சொல்லிக்குடுத்ததே நீங்கதானே சார்" என்றார் சோலையப்பன்.

அதற்குமேல்தான் தொல்லை. பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? ஒன்றாம் வகுப்பில் 'அணில், ஆடு' என்று மற்றவர்கள் கூவும்போது அது தூங்கியது, இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் எச்சில் துப்பி அழித்தது. நாலாம் வகுப்புக்கு ஏற்றலாம் என்றால் கணக்கில் கைவிரல் பத்தைத் தாண்டத் தெரியவில்லை. எழுதச் சொன்னால் 'ப'வைக் கவிழ்த்துப் போட்டது. கடைசியில் இருவரும் பேசி ஒரு வழி செய்தார்கள். வாசிப்பு நேரத்தில் ஆத்மநாதனிடம். எழுத்துக்கும் கணக்குக்கும் சோலையப்பனிடம். புத்தகத்தை நேராக வைத்து வாசிக்கப் பழக்கியபோது அதன் வேகம் பாதியாகக் குறைந்தது. ஆத்திரத்தில் அழுதது. அழுதுகொண்டே வாசித்தது.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த வருஷம் அது. ஐப்பசி மழையில் வண்டிச் சக்கரம் புதைய இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். நாலாம் வகுப்பு வரிசையில் ஒரு பொடிசைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது.

"இது யாரு?"

"ஒண்ணாம் வகுப்புங்க. வாசிப்புக்கு மட்டும் இங்கே உக்காருது."

"ஓகோ. ஆள் குறையுதுன்னு ஒரே பிள்ளையை ரெண்டு கிளாசுல காட்டுறீங்களா?"

"இல்லைங்க, நல்லா வாசிக்கும்."

"உருப்போட வச்சிருப்பீங்க. நான் பாக்காத வித்தையா?"

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. தம் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. "நானும் அப்படித்தாங்க நினைச்சேன். புதுசா ஏதாவது குடுத்துப் பாருங்க" என்றார். சோலையப்பன் சட்டென்று அவர் பக்கம் திரும்பியதை அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்து அன்றைய பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். சின்னப்பிள்ளை அதை நேராகப் பிடித்து மெதுவாக வாசித்தது. 'ஜெர்மனி'யில் தடுக்கி, மறுபடி முயன்று, தாண்டியது. இன்ஸ்பெக்டர் பத்திரிகையை வாங்கி வேறு பக்கம் திருப்பிக் கொடுத்தார். அதையும் வாசித்தது. இன்னொரு பக்கம். பிறகு பத்திரிகையை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ரூல்ல இதுக்கு இடம் கிடையாது. பேரு ஒண்ணாம் வகுப்புலேயே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "கொட்டகைக்குள்ள எந்த மூலையில உக்காருதுன்னு நான் கேக்கலை. வருஷக் கடைசியில கணக்குலேயும் தேறினா அப்புறம் பாப்போம்."

அன்று போகும்போது சோலையப்பன் கேட்டார், "என்னைத்தானே சார் சந்தேகப்பட்டீங்க?"

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார் ஆத்மநாதன். சோலையப்பன் சிரித்துக்கொண்டே குடையை விரித்து அவர் பக்கமும் சாய்த்தார்.

சித்திரையில் சின்னப்பிள்ளை கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியது. இன்ஸ்பெக்டர் அனுமதியோடு நேராக மூன்றாம் வகுப்புக்குப் போனது. முதல் நாள் பழைய சிநேகிதிகளைப் பிரிந்ததற்காக அரை நாள் அழுதது.

பிச்சையம்மாளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மகள் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினாள். ஒரு நாள் வாசிப்பு நேரத்தில், பிள்ளையைக் கூப்பிட வந்தவள் போல ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே சின்னப்பிள்ளை ஒரு நரிக் கதையை வாசித்துக்கொண்டிருந்தது. முதலையை ஏமாற்றிவிட்டு நரி ஆற்றைக் கடந்தது.

"ஏய், அம்புட்டும் அதுலயா இருக்கு? நீயா சேத்துச் சொல்றியா?" என்றாள் ஜன்னல் வழியாக.

"அதுலதான் ஆத்தா இருக்கு."

பிச்சையம்மாள் புத்தகத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு ஆத்மநாதனைப் பார்த்து, "நெசமாவே இருக்காய்யா?" என்றாள்.

"இருக்கு தாயி" என்றார் ஆத்மநாதன். "உள்ளே வந்து உக்காந்து கேளு."

அவள் உள்ளே வரவில்லை. ஆனால் கதை முடியும் வரை ஜன்னலை விட்டு நகரவும் இல்லை.