எல்லைக் கைலாசம் வாராரு!

செங்கோட்டை ரயில் நிலையத்தில் அன்று காலை டிக்கெட் வாங்கியவர்களைவிட பூமாலை வாங்கி வந்தவர்கள்தான் அதிகம்.

எண்பத்தைந்தாம் வருஷம் முடியப்போகிற நேரம். நகரசபைத் தலைவர் தேர்தல் வரும் என்று பேச்சு கிளம்பியதுமே ஊர்ப் பெரியவர்கள் ஆளை முடிவு செய்துவிட்டார்கள். கைலாசம். சோதனைச்சாவடி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேரளாவுக்கு அரிசி கடத்திய லாரிகளை நடுரோட்டில் நின்று மறித்தவர் என்று பெயர். நிற்கிறேன் என்று அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ‘எல்லைக் கைலாசம் வாராரு!’ என்று தென்காசிவரை சுவரெல்லாம் நோட்டீஸ்.

“அவரு வந்தா ஒரு மணி அரிசி மலையேறாது” என்றார்கள் மளிகைக் கடைகளில். பெண்கள் அடக்கமாக இருந்த பழைய காலமும் திரும்பி வரும் என்றார்கள் கோயில் வாசலில். அரிசிக்கும் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நோட்டீஸை அச்சடித்தவன் முத்துக்குமாரசாமி. கடைத்தெருவில் சின்ன அச்சாபீஸ் வைத்திருந்தான். கைலாசம் ஜெயித்தால் நகரசபை அச்சு வேலை மொத்தமும் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அவன் மனைவி குழல்வாய்மொழிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற புனலூரிலிருந்து அவள் அம்மா வாலாம்பாள் வந்து வளைகாப்பை முடித்து அழைத்துப் போகிறாள். கூடப் போக வேண்டிய முத்துக்குமாரசாமி ஸ்டேஷன் வாசலிலேயே கழன்றுகொண்டான்.

“தலைவரு இன்னைக்குத் தொண்டர் படையப் பாக்க வருதாரு. நான் மாலை போடணும். நீங்க முன்னால போயி வண்டில ஏறுங்க.”

முதல் நாள் நடந்த ஒரு காரியம்தான் அந்தப் படைக்குக் காரணம். எவளோ ஒருத்தி இடுப்பைச் சுற்றி அரிசியைக் கட்டி, கர்ப்பிணி போலப் புனலூர் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அது ஊரெல்லாம் சிரிப்பாகிவிட்டது. “வயிறு பெருத்தவ ஒருத்தியயும் விடாதிய” என்று உத்தரவு போட்டுவிட்டார் கைலாசம். இலஞ்சியிலிருந்தும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்தும் லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சட்டையில் மஞ்சள் பட்டை. கையில் கம்பு. சர்க்காரும் ரயில்வேயும் அவர்களுக்கு எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

தாயும் மகளும் ஏறப்போன பெட்டியின் வாசலில் ஒரு கம்பு குறுக்கே வந்தது. பிடித்திருந்தவன் பலவேசம், படைக்குத் தலைவன்.

“நில்லு. எத்தனை படி?”

“என்னது எத்தனை படி?” என்றாள் குழல்வாய்மொழி.

“வயித்துல கட்டிருக்கியே, அது.”

வாலாம்பாள் பாய்ந்தாள். “ஏலே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நெறமாசப் பிள்ளலே!”

“நேத்துப் போனவளும் நெறமாசம்னுதான் சொன்னா. ஆரியங்காவுல எறங்கி எட்டுப் படி பெத்தாளாம்.”

படை முழுவதும் சிரித்தது.

“நீ யாரு பொண்டாட்டி? புருசன் பேரச் சொல்லு. விசாரிச்சுட்டு விடுதோம்.”

குழல்வாய்மொழி வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கணவன் பெயரை அவள் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. சாமிக்கும் அதே பெயர் என்பதால் இலஞ்சி முருகனைக்கூட ‘இலஞ்சிக்காரர்’ என்றுதான் கும்பிடுவாள். மாப்பிள்ளை பெயரை மாமியாரும் சொல்லும் வழக்கமில்லை.

“அச்சாபீஸ்காரங்க” என்றாள் மெதுவாக.

“இங்கன நாலு அச்சாபீஸ் இருக்கு. பேரச் சொல்லுன்னா?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“பாத்தியளாவே! பேரே தெரியாத புருசன். நேத்து ராத்திரிதான் கட்டுனான் போல.”

மறுபடியும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே பலவேசம் கம்பு நுனியால் அவள் வயிற்றில் ஒரு குத்து குத்திப் பார்த்தான். மூட்டையைக் குத்திப் பார்ப்பதுபோல.

குழல்வாய்மொழி அந்தக் கம்பைத் தட்டிவிட்ட வேகத்தில் கைவளையலில் இரண்டு உடைந்து விழுந்தன. வாலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். பிளாட்பாரமே திரும்பியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கழுத்து நிறைய மாலையுடன் கைலாசம் வந்தார். பின்னால் ஊர்ப் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவே முத்துக்குமாரசாமி.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இப்போது தன் கணவர் அந்தக் கம்பைப் பிடுங்கி இரண்டாக ஒடிப்பார் என்று நினைத்தாள்.

“ஐயா, இது... இது என் வீட்டுக்காரி” என்றான் முத்துக்குமாரசாமி.

பலவேசம் நாக்கைக் கடித்துக்கொண்டு விலகினான். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கைலாசம் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் காமிராவோடு நிற்பதையும் பார்த்தார்.

“அதனால என்ன? நம்ம ஆளு வீட்டுலருந்தே சோதனை ஆரம்பிக்கட்டும். அப்பத்தான் ஊரு நம்மள நம்பும். அந்த வெயிட்டிங் ரூம்ல ஒரு பொம்பளய விட்டுப் பாக்கச் சொல்லுதேன். ரெண்டு நிமிசம்.”

கைதட்டல் அதிர்ந்தது. “இவருல்லா மனுசன்! வேண்டியவன் வேண்டாதவன்னு பாக்காரா பாரு” என்றார் ஒரு பெரியவர்.

முத்துக்குமாரசாமி கைதட்டியவர்களைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தான்.

“ரெண்டு நிமிசம்தானட்டி. காமிச்சிட்டுத்தான் போயேன்.”

கம்பு குத்தியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. வந்த வேகத்தில் அதைப் புறங்கையால் துடைத்தெறிந்தாள்.

“எம் புருசன் பேரத்தான கேட்டீரு?” என்றாள் பலவேசத்திடம். குரல் பிளாட்பாரத்தின் கோடிவரை போயிற்று. “முத்துக்குமாரசாமி! நல்லாக் கேட்டுக்கிடுங்க எல்லாரும். முத்துக்குமாரசாமி! பொண்டாட்டி வயித்த ஊருக்குக் காமின்னு சொல்லுதவன் பேரு முத்துக்குமாரசாமி!”



“சே! கட்டுனவன் பேர இப்படியா ஏலம் போடுவா? பொம்பளயா இவ?” என்றார் கைதட்டிய அதே பெரியவர்.

“வயித்துல கம்ப வச்சுக் குத்துனானே, அப்ப எங்க போச்சு அண்ணாச்சி இந்தச் சே?” என்று அவர் பக்கம் திரும்பினாள். பிறகு நேராகக் கைலாசத்தின் முன்னால் போய் நின்றாள். “ரூமு எதுக்கு? இங்கனயே பாரும். இத்தன பேரு முன்னால, உம்ம கையால தொட்டுப் பாரும். போட்டோக்காரரே, நல்லா எடும்.”

கைலாசம் ஓர் அடி பின்னால் போனார். இன்னும் ஓர் அடி. லாரிக்கு முன்னால் நின்றவர் என்று பெயர் வாங்கிய மனிதர், மாலையைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். எஞ்சின் ஊதியது.

“வா மோளே” என்று வாலாம்பாள் மகளின் கையைப் பிடித்தாள். பெட்டி வாசலை மறிக்க இப்போது யாரும் இல்லை.

உள்ளே ஜன்னலோரம் இருந்த ஜாஹிரா பீவி எழுந்து இடம் விட்டாள். வாரம் நாலு நாள் இதே வண்டியில் அரிசி கொண்டுபோய் நாலு வயிற்றைக் கழுவுகிறவள்.

“மெல்ல உக்காரு தாயி. காலுக்குக் கீழ மூட்ட கெடக்கு” என்று காதோடு சொன்னாள்.

குழல்வாய்மொழி குனிந்து பார்த்தாள். அரிசிதான். சேலையை நன்றாக விரித்துத் தொங்கவிட்டு மூட்டையை மறைத்தாள்.

முத்துக்குமாரசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தான். “எம் மானத்த வாங்கிட்டியேட்டி! அவரு ஜெயிச்சா நமக்கு எம்புட்டு வேல வரும், தெரியுமா? எறங்கி வந்து அவருகிட்ட ஒரு வார்த்த...”

பேச்சு பாதியில் நின்றது. சேலை ஓரத்தில் மூட்டையின் காது நீட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்த்துவிட்டான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். ஜாஹிரா பீவியின் முகம் வெளுத்தது.

“அரிசிதான்” என்றாள் குழல்வாய்மொழி. இத்தனை நாள் சொன்ன ‘நீங்க’ அவள் வாயில் இப்போது வரவில்லை. “கூப்பிடும் உம்ம தலைவர. நெறைய பேரு கை தட்டுவாங்க.”

அவன் திரும்பிப் பார்த்தான். பத்தடி தூரத்தில் கைலாசம், படை, காமிரா.  

வண்டி நகர்ந்தது. நாலடி கூடவே ஓடிவந்து, கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

அவன் தலைவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் இறங்கியிருக்கமாட்டாள். வீங்கிய கால்களை அந்த மூட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மலையைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.