உன் பொழுதில் ஒரு வாய்

தர்மநாதன் ஐயாவுக்கு முதல் நாள் பொழுது சாய்ந்தது மாலை நாலு மணிக்கு. மறுநாள் இரண்டு மணிக்கே சாய்ந்துவிட்டது. நான் வாட்சை நம்புகிறவள். பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் படுக்கையில் கிடப்பவர்கள் என்னென்னவோ உளறிக் கேட்டிருக்கிறேன். இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

செஞ்சியில் அவர்களுடையது சமணர் வீடு. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, மாத்திரைகூடக் கிடையாது. ஐயாவுக்கோ பக்கவாதம், சர்க்கரை வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் மகள் நீலாஞ்சனா இந்தச் சட்டத்தைச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் டாக்டரிடம் கேட்டு, இன்சுலின் ஊசி ஐந்து மணி, இட்லி ஐந்தரை என்று சார்ட்டையே மாற்றி எழுதினேன். எட்டு மாதம் ஒரு நாள் பிசகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்போது வெயில் மண்டையைப் பிளக்கும்போதே, "பொழுது பூடிச்சு" என்று வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது? கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்வை நன்றாகவே இருந்தது. டாக்டர் போனில், "அட்மிட் பண்ணுங்க, மூக்குல டியூப் போட்டுடலாம்" என்றார்.

நீலாஞ்சனா ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாங்க்கா. அறுவது வருஷமா இருட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதில்ல எங்க நைனா. அம்மாவுக்கும் இப்டிதான் பொழுது சுருங்கிக்கினே வந்துச்சு. நாலாம் நாள் அவங்களுக்கு விடியவே இல்ல" என்றாள்.

"படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்று கத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் முந்திக்கொள்வோம் என்று பதினொரு மணிக்கே ஊசி போட்டேன். தப்பு என்னுடையதுதான். சோறு வந்த பிறகு போட்டிருக்க வேண்டும். நீலாஞ்சனா தட்டோடு வருவதற்குள் ஐயா ஜன்னல் பக்கம் பார்த்து, "பூடிச்சு" என்றார். உதடு ஒட்டிக்கொண்டது. ஊசி உள்ளே போய்விட்டது, வயிறு காலி. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். என் கையாலேயே ஒரு உயிர் போகப்போகிறது என்று நினைத்தேன்.

நீலாஞ்சனா கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நைனா, எனக்கு நல்லா வெளிச்சமா இருக்குது. குடி நைனா."

"உன் பொழுது வேணாம்" என்றார் ஐயா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. பிறகு என்னைப் பார்த்தார். "ஜெயக்கொடி, உனக்குப் பொழுது இருக்குதா?"

"இருக்குது ஐயா. மணி பன்னெண்டுகூட ஆவல."

"குடுக்கிறியா?"

டம்ளரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "குடுக்கறேன் ஐயா, வாயத் தொறங்க" என்றேன்.

குடித்தார். அரை மணியில் தெளிந்து, சோறும் சாப்பிட்டார். நாலாம் நாள் அவருக்கு விடிந்தது. அதன்பின் ஒவ்வொரு வேளையும், "உனக்குப் பொழுது இருக்குதா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தார். ஒரு வாரத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. நீலாஞ்சனா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டை பஸ்ஸில் வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. வாட்சை நம்ப முடியாமல் கண்டக்டரிடம் மணி கேட்டேன். ஐந்து என்றார்.

நேற்று மூன்று மணிக்கு இருட்டியது. எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சாப்பிடுவோம், எனக்கு எந்த விரதமும் கிடையாது. வீம்புக்குச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை தங்கவில்லை, அத்தனையும் வாந்தி.

இன்று ஞாயிறு, லீவு. மகள் மணிமொழி கறிக்குழம்பு வைத்திருந்தாள். தட்டு முன்னால் உட்கார்ந்ததும், "லைட்டப் போடு" என்றேன்.

"இன்னாம்மா, மணி பன்னெண்டுதான் ஆவுது. வெளிய வெயிலு கொளுத்துது."

நான் தட்டைத் தடவினேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசையும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளா பட்டினி கெடக்கிற. எனக்கு நல்லாத்தான் தெரியுது, நான் ஊட்டறேன். ஒரு வாய் வாங்கிக்கம்மா" என்றாள்.

பசி குடலைப் பிடுங்கியது. பத்தொன்பது வயசுப் பெண். அவளுக்கு இன்னும் எத்தனை பொழுது இருக்கிறது!

"உன்ன யாருடி கேட்டா?" என்று கத்தி, அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் அழுவது கேட்டது. முகம் தெரியவில்லை.