பச்சைத் தண்ணீர்

வெர்லின் மீசையில் ஒட்டிய நுரையை உதட்டால் உறிஞ்சிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். அவன் மனைவி மார்லிஸுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் டுலூத் நகரில், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப்பைச் சேர்ந்த பதினோரு பேர் அந்தச் சனிக்கிழமை மதியம் அவர்களுடைய கராஜில் கூடியிருந்தார்கள். ஊறிய பார்லியின் ஆவியை எல்லோரும் கண்ணை மூடி இழுத்தார்கள். அவளுக்கு அது நாள்பட்ட ஈரச் சாக்கின் நாற்றம். தொண்டைவரை ஏறியதை விழுங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றாள். அதுதான் அவள் வேலை.

"முதல் சாறு வடிச்சாச்சு," என்றான் வெர்லின். "சக்கையில இன்னும் இனிப்பு ஒட்டிட்டிருக்கும். அதை அலசுறதுக்கு நீங்க எல்லாரும் இன்னொரு அண்டா தண்ணிய சுட வைக்கிறீங்க. எதுக்கு? பச்சைத் தண்ணி போதும். மார்லிஸ், மெதுவா விடு."

அவள் விட்டாள். ஏரித் தண்ணீர், விரலை மரக்கடிக்கும் குளிர்.

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு விஞ்ஞானம் கண்டுபிடிச்சிட்டான்யா," என்றார் கிளப் தலைவர் டென்னி. "காஸ் மிச்சம் பண்ணியே பணக்காரன் ஆயிடுவான்."

"குடிச்சுப் பாத்துட்டுப் பேசு."

"குடிச்சதாலதான் பேசுறேன்."

புதிதாகச் சேர்ந்திருந்த ரெனே என்ற பெண் கேட்டாள்: "இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

வெர்லின் மறுபடியும் மீசையை உறிஞ்சினான். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள், சுட வச்ச தண்ணி அப்படியே கொட்டிப்போச்சு. திரும்பச் சுட வைக்க நேரமில்ல. சட்டுனு ஒரு யோசனை. குழாயத் திறந்துவிட்டேன்."

சிரித்தார்கள். இந்தக் கதையை அவன் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று அவளும் புன்னகைத்திருக்கிறாள்.

"யார் மேலயும் படலையே?" என்றாள் ரெனே.

"தரையிலதான். பெரும்பாலும்."

மார்லிஸ் குழாயிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"மிச்சம் என் மேல," என்றாள்.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. டென்னி தன் கோப்பைக்குள் பார்த்தார். மார்லிஸ் சட்டையின் இடது கையை மேலே இழுத்துவிட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் மெழுகுபோல் மினுங்கியது.

"சூடு ஆறிடும், சீக்கிரம் தூக்கிட்டு வான்னு இவன்தான் சொன்னான். கைப்பிடி வழுக்கிடுச்சு. இந்தக் குழாய எடுத்துட்டு ஓடி வந்தான். என் கைல விடத்தான் வர்றான்னு கைய நீட்டினேன். அண்டாவுல விட்டான். இரு, ஒரே நிமிஷம்னான். நாப்பது நிமிஷம். நான் வெளிய போய் பனியில கைய வச்சுட்டு உக்காந்திருந்தேன். அலசி முடிச்சப்புறம்தான் ஆஸ்பத்திரி."

பின்னாலிருந்து ஒருவர், சூழ்நிலையை லேசாக்க நினைத்தோ என்னவோ, "பீர் என்னமோ நல்லா வந்துச்சு," என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

வெர்லின் முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்டேன்ல மார்லிஸ்? ரெண்டு தடவ கேட்டேன். பரவால்லன்னுதான சொன்ன?"

சொன்னாள்தான். அதுதான் அவளைத் தின்கிறது. தோல் உரிந்து தொங்கும்போதுகூட, அவன் வேலையைக் கெடுத்துவிடக் கூடாதென்று, பரவாயில்லை என்றாள். அந்த ஊரில் எல்லோரும் எதற்கும் அப்படித்தான் சொல்வார்கள். ஈஸ்டருக்கு அந்த பீரைத் திறந்தபோது மூன்று கோப்பை குடித்து, நல்லா இருக்கு என்றும் சொன்னாள். அவன் மீசையைவிட, இந்தக் கராஜின் நாற்றத்தைவிட, தன் நாக்குதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் சிமெண்ட் தரையில் பரவி, ஆட்களின் பூட்ஸைத் தொட்டது. வெர்லின் குனிந்து அதை எடுத்தான். அவளைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான்.

"நடுவுல நிறுத்த முடியாது," என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு, சக்கையின் மேல் தண்ணீரைப் பிடித்தான்.

அவள் அதை ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. வடிகால் அடைப்பில் கையை விட்டவள்போல் உடம்பு கூசியது.

சமையலறைக்குப் போய் இரண்டு முறை வாயைக் கொப்பளித்தாள். பிறகு ஃபார்கோவில் இருக்கும் தங்கைக்கு போன் செய்தாள்.

"ஜோலீன், இன்னைக்கு அங்க வரலாமா? கொஞ்ச நாள் இருப்பேன்."

"வாயேன். என்ன ஆச்சுக்கா?"

"ஒண்ணுமில்..." மார்லிஸ் பாதியில் நிறுத்தினாள். "கையில வெந்நீர் கொட்டிடுச்சு."

"ஐயோ, எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள். "ரொம்ப வலிக்குது."