அடகு வைத்த நம்பர்

ஒன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மேஸ்திரி சுரேஷ்பாபுவுக்குச் செல்லியம்மா கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவு. மழைக்கு முன்னால் வீட்டுக்குக் கூரைத் தகடு மாற்றியதில் வந்த கடன். பணம் வாங்கின அன்றைக்கே தன் போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

சித்தூருக்கு வெளியே இருக்கும் அந்த மாங்கூழ் ஃபேக்டரியில் அதுதான் வழக்கம். நாளெல்லாம் நின்றுகொண்டு தோத்தாபுரிப் பழம் அறுக்க வருகிறவர்களிடம் அடகு வைக்க நகை எங்கே இருக்கும்? சம்பளமும் கையில் வருவதில்லை, பேங்குக்குப் போகிறது. பேங்கு டவுனுக்குள். போய் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் சம்பள நாளில் மேஸ்திரியே ஒவ்வொருத்தர் சிம்மையும் தன் போனில் போடுவார். பேங்கிலிருந்து அந்த நம்பருக்கு ரகசிய எண் வரும். அதை அடித்துத் தன் தவணையை எடுத்துக்கொண்டு மீதியை நோட்டாகக் கொடுத்துவிடுவார். கடன் தீரும்வரை சிம் அவரிடம். ஒரு பீடா டப்பாவில், துண்டுக் காகிதத்தில் சுற்றி, மேலே பேர் எழுதி வைத்திருப்பார்.

"நம்ம வூட்டுல தனித்தனியா இருக்கறோம், டப்பாவுல எல்லாரும் ஒண்ணா குடித்தனம் பண்றோம்" என்பாள் ரத்தினம்மா. செல்லியம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அறுக்கிறவள். செல்லியம்மாவின் கடனுக்கு ஜாமீன் சொன்னவளும் அவள்தான்.

திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் கணக்குப் பார்க்கிற மகள் யமுனா போன் போட்டுப் போட்டுச் சலித்துப்போனாள். எந்த நேரம் போட்டாலும் சுவிட்ச் ஆஃப். ரத்தினம்மாவின் போனில் அடகு வைக்காத இன்னொரு சிம் இருந்தது; அதில் பிடித்துக் கேட்டபோது, அடகு வைத்தேன் என்று மகளிடம் சொல்லச் செல்லியம்மாவுக்கு வாய் வரவில்லை.

"சிம்மு தொலஞ்சி போச்சுடி. பழம் கழுவற தொட்டியில வுழுந்து அடிச்சிக்கினு போயிடுச்சி."

"அத்த மூணு மாசமா சொல்லாம இருந்தியா? ஞாயித்திக்கெழம கெளம்பி வா. என்னாண்ட ஒரு போன் கீது, தரேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். யமுனா வைத்திருந்தது லாட்ஜ் மேனேஜரின் பழைய போன். பெரிய போன்தான், ஆனால் சிம் போடும் தட்டு உடைந்துபோயிருந்தது. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போனாள்.

கடைக்காரன் சின்ன வயசு. போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கார்டு போட முடியாது. ஆனா இ-சிம் எடுக்கும். கார்டே வேணாம்மா, போனுக்குள்ளயே நம்பரு வந்து ஒக்காந்துக்கும்" என்றான்.

"ஒக்காந்துக்கினா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள் செல்லியம்மா.

"ரெண்டும்தான். தொலையாது, தண்ணில அடிச்சிக்கினு போவாது, எவனும் கழட்ட முடியாது. ஆனா போனு செத்துப்போனா நம்பரும் உள்ளயே மாட்டிக்கும். கார்டுன்னா புடுங்கி அடுத்தவங்க போனுல போட்டுக்கலாம். இத அப்பிடிப் பண்ண முடியாது. வேற போனுக்கு மாத்தணும்னா அதுவும் இத ஏத்துக்கற போனா இருக்கணும், இங்கதான் வரணும்."

கைரேகை மிஷினில் விரல் வைக்கச் சொன்னான். மாம்பால் பட்டுப் பட்டு ரேகை எல்லாம் உரிந்துபோன விரல். மிஷின் ஏற்கவில்லை. இந்தக் கை, அந்தக் கை, துடைத்து, ஊதி, எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் முகத்தைப் படம் பிடித்தான். "கண்ண மூடித் தொறம்மா" என்றான். மூடினாள். அப்படியே கொஞ்ச நேரம் மூடிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

கார்டே வேண்டாம் என்று அவன் சொன்னது அவள் மனசில் ஒரு மாதிரி விழுந்தது. நம்பர் போனுக்குள் இருக்கப் போகிறது, கார்டு மேஸ்திரியின் டப்பாவில் இருக்கப் போகிறது. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி மாதிரி. மகளும் பேசலாம், மேஸ்திரியின் அடகுக்கும் பங்கம் இல்லை. கடைக்காரனைக் கேட்டிருந்தால், புதுசு வந்ததும் பழையது செத்துப்போகும் என்று சொல்லியிருப்பான். தொட்டியில் தொலைந்ததாகச் சொன்ன கார்டைப் பற்றி, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

இரண்டு நாள் யமுனாவோடு பேசினாள். மூன்றாம் நாள், எல்லாருடைய சிம்முக்கும் ரீசார்ஜ் போட உட்கார்ந்த மேஸ்திரி அறுக்கும் மேடைக்கு வந்தார்.

"ஏமம்மா செல்லியம்மா, உன் சிம்முல சிக்னலே இல்லியே."

"எனக்கு நல்லா வருதே மேஸ்திரி" என்று அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அதில் நான்கு கோடும் நிமிர்ந்து நின்றன.

மேடையில் கத்திச் சத்தம் நின்றது. மேஸ்திரி போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது.

"கார்ட என்கிட்ட குடுத்துட்டு நம்பர நீ எடுத்துக்கினியா? நாளைக்கு சம்பளம். எடுத்துக்கினு ஓடலாம்னு பாத்தியா?"

"ஓடறதுக்குக் காலு எங்க மேஸ்திரி இருக்குது? ரெண்டும் ஒண்ணா வேல செய்யும்னு நெனச்சிட்டேன்."

"நெனச்சிட்டா." அவர் மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்கு இவ நெனச்சா, நாளைக்கு நீங்க எல்லாரும் நெனப்பீங்க. அப்புறம் இந்த டப்பாவ நான் பீடா போடத்தான் வெச்சிக்கணும். வெள்ளிக்கெழம சாயந்திரம் மொத்த அப்பும், கடன் பூராவும் வரணும். வரலன்னா நீயும் வேணா, உனக்கு ஜாமீன் சொன்ன ரத்தினம்மாவும் வேணா."

ரத்தினம்மா தலை நிமிரவில்லை. கொட்டையைக் கூடையில் எறிந்தாள். "ஓடறவளா இருந்தா சொல்லிட்டு ஓடுக்கா. நானும் வரேன். எனக்கும் முட்டி வலி" என்றாள். சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. சீசன் முடிய இன்னும் நாள் இருந்தது. வேறு எந்த ஃபேக்டரியிலும் இனி ஆள் எடுக்கமாட்டார்கள். ரத்தினம்மாவின் வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போன் சத்தம் கொடுத்தது. சம்பள மெசேஜ். எழுத்துக் கூட்டி வாசித்தாள். பதினோராயிரத்துச் சொச்சம். இத்தனை நாளில் தன் சம்பளம் முதலில் தன் கைக்கு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, உடம்பில் அதற்குத் தெம்பில்லை. ரத்தினம்மாவிடம் காட்டலாம் என்று தொட்டியின் மேலாக நீட்டினாள். பழச்சாறு வழுக்கும் கை. போன் நழுவி, மிதந்துகொண்டிருந்த பழங்களுக்கு நடுவே உள்ளே போய்விட்டது.

ரத்தினம்மா முழங்கைவரை விட்டுத் துழாவி எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள், உதறினாள், ஊதினாள். இருட்டாகவே கிடந்தது. கம்மல் திருகால் அந்த உடைந்த தட்டை நெம்பிப் பார்த்தாள்.

"யக்கா, உள்ள ஒண்ணுமே இல்லக்கா. கார்டு இருந்தா என் போனுல போட்டுக்கலாம்."

"அது கார்டு இல்லடி. நம்பரு உள்ளயே ஒக்காந்துக்கினு இருக்குது."

"உள்ள இருந்தா கூப்புடு, வரட்டும்."

விஷயம் மேஸ்திரி காதுக்குப் போய்விட்டது. அவர் கோபமாக வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகவே பேசினார். "பாத்தியா? பொருளுன்னா தொட்டுப் பாக்கணும், கையில புடிச்சா இருக்கணும். அதுதான் சிம்மு. போ, கடையில பழையபடி கார்டா வாங்கு. கொண்டாந்து என்கிட்ட குடு. மாசா மாசம் தவண எடுத்துக்கறேன். வெள்ளிக்கெழம கெடு கெடையாது. ரத்தினம்மாவும் இருக்கட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அதுதான் சுலபம். இன்னொரு கார்டு, இன்னொரு துண்டுக் காகிதம், பேர். அதிகம் யோசிக்க வேண்டாம்.

வேலை விட்டு நடக்கும்போது ரத்தினம்மாவிடம் சொன்னாள். "கார்டு வாங்கறதுக்கு திருப்பதி போவணும். நாளைக்குக் கூலி போவும்."

"போவட்டும்."

"வெரலு வேற எடுக்காது. போன வாட்டி மூஞ்சக் காட்டி வாங்கினேன்."

"இந்த வாட்டியும் காட்டு. மூஞ்சி இன்னா தேஞ்சா போச்சி?"

செல்லியம்மா ரொம்ப தூரம் நடந்தாள். அப்புறம் நின்றாள். "ரத்னா, பேங்குக்குப் போனாலும் ஒரு நாள் கூலிதான் போவும்."

"ஆமா."

"அப்ப கார்டு கடைக்கு எதுக்குப் போவணும்?"

ரத்தினம்மா அவளைப் பார்த்தாள். "மொத்தத்தையும் அவன் மூஞ்சில கொட்டிட்டு, அடுத்த மாசம் இன்னாத்த துன்னுவ?"

"தெரியல. மாம்பழம் துன்றேன்."

வெள்ளிக்கிழமை பேங்கு திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றாள். பாஸ்புக்கைத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்தாள். பணம் எடுக்கிற சீட்டை எழுதத் தெரிந்த ஒருத்தரிடம் கொடுத்து எழுதிக்கொண்டாள். கையெழுத்து மட்டும் அவளே போட்டாள். கௌண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, "கையெழுத்து சரியா இல்ல, மறுபடி போடம்மா" என்றாள். மறுபடி போட்டாள். கடைசி எழுத்து கீழே இறங்கிவிட்டது. அந்தப் பெண் கம்ப்யூட்டரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்குது. தண்ணில வுழுந்து கெடக்குது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். சர்வர் வேலை செய்யவில்லை. செல்லியம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி. எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. காவலாளி தோளைத் தட்டி எழுப்பியபோது அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஃபேக்டரிக்கு வந்தபோது வேலை விடும் நேரம். பெண்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கேட்டில் இருந்தார்.

"கார்டு கொண்டாந்தியா?"

"பணம் கொண்டாந்தேன்."

ஒன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பதைத் தனியாக மடித்து வைத்திருந்தாள். நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "கஷ்டப்படுவம்மா. இருக்கட்டும், தவணையா குடு. ஒரு கார்டு வாங்கிக் குடுத்துட்டா போதும்" என்றார். அவர் குரலில் அக்கறைகூட இருந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வேணா மேஸ்திரி. எனக்கு முடியல. இனிமே எதையும் கழட்டிக் குடுக்க முடியல."

கை கழுவின பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து பின்னால் நின்றார்கள். ரத்தினம்மா மட்டும், "எண்ணிப் பாத்து வாங்கிக்கோங்க மேஸ்திரி. அவ எங்கயும் ஓடல, என் ஜாமீனும் ஓடல" என்றாள்.

அவர் வாங்கி எண்ணினார். ஒரு தடவை எண்ணி, நடுவில் விட்டுப்போய், திரும்ப முதலிலிருந்து எண்ணினார். சட்டைப் பையில் வைத்தார்.

"இன்னும் எதனா பாக்கி?" என்றாள் செல்லியம்மா.

"ஏமி லேது. தீந்துபோச்சு" என்றார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேலைக்கு வந்துடு. லோடு நெறைய வருது" என்றார்.

"நாளைக்கு வரல மேஸ்திரி. தூங்கணும். நாளன்னிக்கு வரேன்."

அவர் தலையை ஆட்டினார்.