மூன்றாவது சிவப்பு அட்டை

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் காலிலிருந்து நடைப்பந்தய ஷூவைச் சோய்லா கழற்றிக்கொண்டிருந்தாள். தம்பி ரிகோ விடிகாலையில் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டது. அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

"அக்கா, அவரு ஆசைப்பட்டாருக்கா. போட்டுக்கிட்டே போகட்டும்."

"நான் ஆசைப்பட்டத அவரு செஞ்சாரா?"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் கறுப்பு ஷூவை அவளே மாட்டினாள். விறைத்த காலில் ஏற மறுத்தது. அழுத்தித் திணித்தாள்.

அப்பா அபெலார்டோ குவாமான், குவெங்கா என்ற அந்த மலையூர்ப் பிள்ளைகளுக்கு நாற்பது வருடம் நடைப்பந்தயம் சொல்லிக்கொடுத்தவர். எவ்வளவு வேகமாகவும் நடக்கலாம், ஓடக் கூடாது. முன்னால் ஊன்றும் காலின் முட்டி மடங்கக் கூடாது. மடங்கினால் சிவப்பு அட்டை, மூன்று அட்டை விழுந்தால் வெளியே. சோய்லாவுக்குப் பதினாலு வயதில், லிமா நகரத்துப் போட்டிக்குப் போகும் அணியைத் தேர்ந்தெடுக்க நடந்த பந்தயத்தில், அவளுக்கு எதிரான மூன்றாவது அட்டையை நீட்டியது நடுவராக நின்ற அப்பாதான். மகளுக்குச் சலுகை காட்டினார் என்று ஊர் வாயில் விழக் கூடாதாம்.

முட்டி மடங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் ஒருநாள் அதை ஒப்புக்கொள்வார் என்று இருபத்திரண்டு வருடம் காத்திருந்தாள். அவருடைய பயிற்சிக்கூடத்தையே எடுத்து நடத்தும் அளவுக்கு வளர்ந்தும் காத்திருந்தாள். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் ரோஷத்தை விட்டுக் கேட்டேவிட்டாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "மடங்குச்சும்மா" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

நடைக்காரர் ஒருவர் செத்தால், மற்ற நடைக்காரர்கள் பெட்டிக்குப் பின்னால் பந்தய நடையிலேயே கல்லறைவரை போவது அந்த ஊர் வழக்கம். மேட்டுப் பாதையில் ஐந்து கிலோமீட்டர். செத்தவரின் பிள்ளைகள் நடைக்காரர்களாக இருந்தால் முதல் வரிசை அவர்களுக்கு. சோய்லா மலர்வளையங்களை ஏற்றிக்கொண்டு கடைசியில் வரும் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஊரே பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தாள். பெரிய நடைக்காரர், பெற்ற மகளே கூட நடக்கவில்லை என்று பேசட்டும். செத்தவரைப் பழிவாங்க வேறு என்ன வழி இருக்கிறது?

அப்பாவின் தங்கை டெல்ஃபினா ஜன்னலில் குனிந்தாள்.

"ஏண்டி, கால் ஒடிஞ்சு போச்சா?"

"ஒடிச்சது உங்க அண்ணன்தான், அத்தே."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

தூறலில் ஊர்வலம் கிளம்பியது. வெள்ளைச் சட்டை போட்ட நடைக்காரர்கள் இடுப்பை வெட்டி வெட்டி ஏறினார்கள். கார் ஆமைபோல் பின்னால் ஊர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் சோய்லா கவனித்தாள். வரிசையில் சேராமல், ஓரத்து நடைபாதைமேல் ஒருத்தி தனியாக நடந்துவந்தாள். நயேலி.

பதிமூன்று வயது, பள்ளி ஸ்வெட்டர், கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் கேன்வாஸ் ஷூ. போன வாரம்தான் சோய்லா அவளை அணியிலிருந்து நீக்கியிருந்தாள். முட்டி மடங்குகிறது, இது உனக்கு வராது, நாளையிலிருந்து வராதே என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். மறுநாளும் அவள் வந்தாள். கம்பிவேலிக்கு வெளியே, மைதானத்தைச் சுற்றி நடந்தாள். ஆறு நாளும் வந்தாள். சோய்லா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விடாமுயற்சி என்று பயிற்சிக்கூடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பவள் அவள். சுவரில் எழுதுவதற்கு என்ன, பெயின்ட் இருந்தால் போதும்.

இப்போது நயேலி கார் ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டாள். சோய்லா கண்ணாடியை இறக்கினாள்.

"உன்ன யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல, டீச்சர்." நடை நிற்கவில்லை.

"அப்புறம் எதுக்கு வந்த? அவர உனக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"அவருக்காக வரல. நீங்க பாக்கணும்னு வந்தேன்."

முகத்தில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கறுவிக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் கறுவலைச் சோய்லாவுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அட்டை விழுந்ததும் அவளும் பந்தயப் பாதையின் கயிற்றுக்கு வெளியே இறங்கி, மிச்சமிருந்த நாலு சுற்றையும் நடந்து முடித்தாள். அப்பா ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நயேலி காரைத் தாண்டிப் போனாள்.

சோய்லாவுக்கு அப்பாமேல் இருந்த ஆத்திரம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்தப் பொடிசின் கண்ணில் அவளும் அவரும் ஒன்றுதான். டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பெட்டிக்குப் பின்னால் நடக்கத்தான் இறங்கினாள் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. அத்தைகூடத் தலையாட்டினாள்.

அவள் நடைபாதையில் ஏறி, நயேலிக்குப் பின்னால் நடந்தாள். நடுவரைப்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இடது கால், வலது கால். செங்குத்தான மேடு, வழுக்கும் கல். எப்பேர்ப்பட்டவர்களுக்கும் முட்டி தளரும் இடம் அது.

மடங்கவில்லை. நூறு அடி பார்த்தாள், ஒரு தடவைகூட மடங்கவில்லை. போன வாரம் மடங்கியதா என்று யாராவது கேட்டால், இப்போது அவளால் சத்தியம் செய்ய முடியாது.

"நயேலி" என்று கூப்பிட்டாள்.

கேட்காத தூரமில்லை. நயேலி திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டினாள். இருவருக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. சோய்லா மூச்சிரைக்க மேடேறினாள்.